ஒரு கட்டிலா, ரெண்டு கட்டிலா சார்?

லீவு லெட்டரில் நான் எழுதிய காரணம் ‘சொந்த வேலை’. அவன் எழுதியது ‘உறவினர் திருமணம்’. ரெண்டு பேருக்கும் வேற வேற ஆபீஸ். ரெண்டு லெட்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க எந்த மேனேஜருக்கும் வேலை இல்லை. இருந்தாலும் காரணத்தை மாற்றித்தான் எழுதினோம். எட்டு வருஷப் பழக்கம், லேசில் போகுமா?

அவன் வங்கியில் இருக்கிறான். நான் ஆடிட்டர் ஆபீஸ். எட்டு வருஷமாக ஒரே வீடு. ஹவுஸ் ஓனருக்கு நாங்கள் ‘பேச்சலர்ஸ்’. எதிர்வீட்டு மாமிக்கு ‘ரூம்மேட்ஸ்’. என் அம்மாவுக்கு அவன் ‘அந்தப் பையன்’. வெளியூர் லாட்ஜ் ரிஜிஸ்டர்களில் ‘கஸின் பிரதர்’. ஒரு தடவை மகாபலிபுரத்தில் அவசரத்தில் உறவுமுறை என்ற இடத்தில் ‘மாமா’ என்று எழுதிவிட்டேன். அவன் என்னைவிட மூணு வயசு சின்னவன்! கிளார்க் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘அக்கா பொண்ணு கட்டினவரா?’ என்று அவராகவே ஒரு விடை கண்டுபிடித்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

புரிந்திருக்குமே... ஆமாம், நாங்கள் ஜோடி. பயப்படாமல் மேலே படிங்க. கட்டுரை தாய்லாந்தைப் பற்றித்தான்.

தாய்லாந்து என்றாலே ஆபீஸில் நாலு பேர் கண்ணடிப்பார்கள். ‘என்ன மச்சி, மசாஜா?’ என்பார்கள். அந்தப் பக்கக் கதைகள் எல்லாருக்கும் மனப்பாடம். நாங்கள் போனது வேறு ஒரு சங்கதிக்காக. 2025 ஜனவரி 23-ம் தேதி அங்கே ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். தென்கிழக்கு ஆசியாவிலேயே முதல் நாடு. முதல் நாளே நாடு முழுக்க 1,800 ஜோடிகளுக்கு மேல் பதிவு செய்துகொண்டார்களாம். பேப்பரை அவன் மடித்து வைத்துவிட்டு, ‘சும்மா போய்ப் பார்த்துட்டு வரலாமா? வேடிக்கைதான்’ என்றான். பிப்ரவரியில் ஐந்து நாள் கிளம்பினோம்.

சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரம்தான். விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. உள்ளே தேவர்களும் அசுரர்களும் வாசுகியை இழுத்துப் பாற்கடலைக் கடைந்துகொண்டிருக்கிறார்கள். கும்பகோணத்துப் பக்கம் இறங்கிவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வரும். கைகூப்பி ‘சவாதீ கா’ என்கிறார்கள். மூலம் ‘ஸ்வஸ்தி’தான். நாங்கள் போனபோது ஒரு பாட் என்பது நம்ம காசுக்குச் சுமார் இரண்டரை ரூபாய். இந்தக் கணக்கு போட்டுப் போட்டே அவன் முதல் நாள் காபி குடிக்கவில்லை. வங்கிக்காரன்!

முதல் சோதனை ஹோட்டலில். நான் பழக்கதோஷத்தில் ரெண்டு கட்டில் ரூம்தான் புக் பண்ணியிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

‘ஒன் பெட் ஆல்ஸோ ஹேவ், கா. சேம் ப்ரைஸ்!’

நமட்டுச் சிரிப்பு இல்லை, ரகசியக் குரல் இல்லை. ‘கூட ரெண்டு இட்லி வைக்கட்டுமா?’ என்று கேட்கிற தொனி. எங்களுக்குத்தான் காது சிவந்துவிட்டது. ‘டூ பெட், டூ பெட்’ என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, லிஃப்ட்டில் ஏறினதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, அதே பொய்!

சாயங்காலம் சிலோம் ரோடு. இந்த ரோட்டில்தான் நம்ம மாரியம்மன் இருக்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்த தமிழர்கள் கட்டிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். கோபுரமும் பொம்மைகளும் அசல் தஞ்சாவூர்ப் பக்கத்து ஜாடை. தாய்லாந்துக்காரர்கள் ‘வாட் கேக்’ என்கிறார்கள். ‘கேக்’ என்றால் விருந்தாளி என்றும் அர்த்தம், இந்தியாக்காரன் என்றும் அர்த்தம். நவராத்திரி முடிவில் இந்த ரோட்டை அடைத்து ஊர்வலம் விடுவார்களாம். உள்ளே நம்மைவிட அவர்கள் கூட்டம்தான் அதிகம். சாமந்தி மாலையும் தேங்காயுமாக வரிசையில் நிற்கிறார்கள்.

அர்ச்சனைக்குத் தட்டை நீட்டினேன். குருக்கள் தமிழிலேயே ‘பேர், நட்சத்திரம்?’ என்றார். என்னுடையதைச் சொன்னேன். அவனுடையதையும் சேர்த்துச் சொன்னேன்.

‘தம்பியா?’

‘ஃப்ரெண்டு...’

‘ஃபேமிலியெல்லாம் கூட்டிண்டு வரலையா?’

நான் பேசாமல் விபூதி வாங்கிக்கொண்டேன். பாவம், அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊர்க் கோயிலிலும் கேட்கிற கேள்விதான். ஆனால் ஃபேமிலி பக்கத்திலேயே குங்குமத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நிற்கிறதே, அதை எப்படிச் சொல்ல? மாரியம்மனுக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் மறைக்க லீவு லெட்டரா?

கோயிலிலிருந்து அதே ரோட்டில் நேராக நடந்தால், ஸ்கைட்ரெயின் தூண்களுக்குப் பக்கத்தில் சிலோம் சோய் 4. ‘சோய்’ என்றால் சந்து. நம்ம ரங்கநாதன் தெருவில் பாதி அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் பார்கள், வாசலிலேயே மேஜை நாற்காலி. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஒரு வரிசை எதிர்வரிசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். நடுவில் நடந்து போகிறவனை ரெண்டு பக்கமும் மார்க் போடும். நானும் அவனும் நடந்தோம். எவ்வளவு மார்க் என்று தெரியவில்லை. பாஸ் என்று வைத்துக்கொள்வோம்.

உட்கார்ந்து ‘சாங்’ பீர் சொன்னோம். சாங் என்றால் யானை. அவன் சைவம். தாய்லாந்தில் தண்ணீரைத் தவிர எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுகிறார்கள். ‘ஜே’ என்று சொன்னால் சுத்த சைவம் வரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, அவன் ஐந்து நாளும் ‘ஜே, ஜே’ என்று கட்சி ஊர்வலம் மாதிரி கோஷம் போட்டபடியே திரிந்தான். கடைசியில் அவனைக் காப்பாற்றியது தேங்காய்ப்பால் ஊற்றின ஒட்டரிசிச் சாதமும் மாம்பழமும். மாம்பழத்துக்கு அங்கே ‘மாமுவாங்’ என்று பேர்!

அப்புறம் சோய் 2. சந்து வாசலிலேயே வயசுக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். இருபது ஆகியிருக்க வேண்டும். முப்பத்திநாலு வயசு ஆசாமியிடம் பாஸ்போர்ட் கேட்டதும் அவன் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்கணுமே! உள்ளே டிஜே ஸ்டேஷன். மாடி மாடியாக ஆட்டம். ஜப்பான்காரன், மலேசியாக்காரன், டெல்லிக்காரன், தலை நரைத்த வெள்ளைக்காரன்... 2023 டிசம்பரிலிருந்து பாங்காக்கில் இந்த மாதிரி இடங்கள் விடியற்காலை 4 மணி வரை திறந்திருக்கலாம். நாங்கள் ஒரு மணிக்கே கொட்டாவி விட்டோம். ஆனால் அந்தக் கூட்ட நடுவில் அவன் என் தோளில் கைபோட்டு நின்றான். சும்மா, பஸ் ஸ்டாண்டில் சிநேகிதர்கள் நிற்கிற மாதிரி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ‘யாரும் பார்க்கவில்லை’க்குத்தான் டிக்கெட் காசு என்று தோன்றியது.

எல்லாம் இனிப்பு என்று எழுதினால் பொய். மறுநாள் ராத்திரி பட்பாங் பக்கம் ஒரு பாருக்குள் நுழைந்தோம். மேடையில் பையன்கள், ஒவ்வொருத்தன் இடுப்பிலும் ரேஷன் கடை டோக்கன் மாதிரி நம்பர். பதினாலாம் நம்பர்க்காரன் வந்து எதிரில் உட்கார்ந்தான். வயசு 26. ஊர் ஈசான், வடகிழக்கில் நெல் விளைகிற வறட்டுப் பூமி. செல்போனை எடுத்து போட்டோ காட்டினான். மனைவி, மூணு வயசுப் பெண் குழந்தை, ஒரு எருமை. ‘நோ கே, மீ’ என்று சிரித்தான். ‘மனி, மாமா, பேபி.’ நாங்கள் போனபோது சட்டப்படி அங்கேயும் அந்தத் தொழில் குற்றம்தான், 1996-ல் போட்ட சட்டம். நடக்கிறது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு கோக் வாங்கிக்கொடுத்துவிட்டு எழுந்து வந்தோம். வழியெல்லாம் ரெண்டு பேரும் பேசவில்லை. சுதந்திரத்தைத் தேடி நாம் வந்து இறங்குகிற ஊரில், வேறொருத்தன் நம்பர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

மூணாம் நாள் பட்டயா. பாங்காக்கிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். பழைய மீன்பிடி கிராமம், வியட்நாம் யுத்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வெடுக்க வந்து வந்து நகரமானது. அங்கே 1974-லிருந்து நடக்கிறது டிஃப்பனி ஷோ. மேடையில் திருநங்கைகள். நகையும் இறகும் ஜரிகையுமாக ஜொலிக்கிறார்கள். நடுவில் ஒரு இந்திப் பாட்டு வந்ததும் முன்வரிசையில் நம்ம ஊர் மாமாக்கள் விசில் அடித்தார்கள். ஊரில் சிக்னலில் கை தட்டினால் கார் கண்ணாடியை ஏற்றுகிற அதே மாமாக்கள், ஷோ முடிந்ததும் காசு கொடுத்துப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்! ஆனால் அந்த அழகிகளின் அடையாள அட்டையில் இன்னமும் ‘திரு’தான். அதை மாற்ற வந்த மசோதாவை 2024-ல் அந்த ஊர் நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. கைதட்டு வேறு, கையெழுத்து வேறு.

தங்கியது ஜோம்தியன் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ரிஸார்ட்டில். இங்கே நான் வாயைத் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டு, ‘ஒன் பெட்’ என்றான். சொல்லிவிட்டு, ஏதோ லோன் சாங்ஷன் பண்ணின மாதிரி கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

பக்கத்தில் டோங்டான் பீச். குடைகளும் சாய்வு நாற்காலிகளும் நெருக்கமாகப் போட்டிருக்கும். நாற்காலியை வாடகைக்கு எடுத்தால் நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கலாம். சோளம், இறால், மசாஜ், கூலிங் கிளாஸ் எல்லாம் காலடிக்கே வரும். படுத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் நம்ம ஜாதி!

ரிஸார்ட் நீச்சல் குளத்தோரம் தினமும் ரெண்டு ஜெர்மன் தாத்தாக்கள் வருவார்கள். ஒருத்தருக்கு 74, இன்னொருத்தருக்கு 71. நாற்பத்தியோரு வருஷமாகச் சேர்ந்திருக்கிறார்களாம். தினமும் சண்டை. ‘மாத்திரை போட்டியா?’, ‘போட்டாச்சு’, ‘பொய் சொல்லாதே, டப்பா அப்படியே இருக்கு.’ பாஷை புரியாவிட்டாலும் சண்டை புரியும், என் அம்மா அப்பா போட்ட அதே சண்டை. சின்னவர் பெரியவருக்கு முதுகில் கிரீம் தடவுவார். பெரியவர் திட்டிக்கொண்டே குனிந்து இவருக்குச் செருப்பை எடுத்துப் போடுவார்.

‘உங்கள் நாட்டில் நீங்கள் குற்றவாளிகளா?’ என்று பெரியவர் கேட்டார். 2018 செப்டம்பர் 6-ம் தேதி வரை என்றேன். வெள்ளைக்காரன் 1860-ல் எழுதி வைத்துப்போன 377, சுப்ரீம் கோர்ட் சொல்லித்தான் இறங்கிற்று. கல்யாணம் மட்டும் கிடையாது என்று 2023 அக்டோபரில் தீர்ப்பு. அவர் தலையாட்டினார். ஜெர்மனியிலும் அப்படி ஒரு சட்டப்பிரிவு 1994 வரை புத்தகத்தில் இருந்ததாம். தாய்லாந்தோ 1956-லேயே தன் சட்டத்திலிருந்து அதை எடுத்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ‘நம்ம மாதிரி ஆளுங்கள்ல வயசானவங்களை நீ நம்ம ஊர்ல பார்த்திருக்கியா?’ என்று கேட்டான். யோசித்தேன். கல்யாணமாகி ஒளிந்துகொண்டவர்களைத் தெரியும். தனியாகவே இருந்து தனியாகவே போனவர்களைத் தெரியும். சேர்ந்து கிழவனான ரெண்டு பேரை... ஊஹும். டான்ஸும் பீரும் நினைவில் நிற்கப் போவதில்லை. இந்த வயசுக்கு வந்தும் மாத்திரை டப்பாவுக்குச் சண்டை போடலாம் என்று கண்ணால் பார்த்தோமே, அதுதான் நிற்கும்.

சென்னை வந்தாச்சு. லக்கேஜைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது எதிர்வீட்டு மாமி, ‘ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஊருக்குப் போயிட்டீங்களா?’ என்றார். ‘ஆமா மாமி’ என்றேன். அதுவே எங்களுக்குப் பெரிய வாக்குமூலம்.

போன மாசம் ஏற்காட்டுக்கு ரூம் போட போன் செய்தேன். எதிர்முனையில் வழக்கமான கேள்வி.

‘ஒரு கட்டிலா, ரெண்டு கட்டிலா சார்?’

சமையலறையில் அவன் சட்னி அரைத்துக்கொண்டிருந்தான். மிக்ஸி சட்டென்று நின்றது.

‘ஒண்ணு’ என்றேன்.

‘ஃபேமிலியா சார்?’

‘ஆமா. ஃபேமிலிதான்.’

‘சரிங்க சார், மலைப்பக்க ரூமாப் போட்டுடறேன்.’

மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது.