ஒரு வக்கீலின் மாளிகை

பிரயாகைக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது திரிவேணி சங்கமத்தைத்தான். நாங்களும் அவ்வாறே ஸ்நானத்தை முடித்துக்கொண்டு, பரத்வாஜ ஆசிரமத்தைத் தரிசித்தோம். வெளியே வந்ததும் என் தாயார் அருகே தெரிந்த பெரிய தோட்டத்தைக் காட்டி, "அது எந்தக் கோயில்?" என்று வினவினார்.

"கோயில் அல்ல, அம்மா! ஒரு வக்கீலின் வீடு" என்றேன்.

"வக்கீல் வீட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று சிரித்தார். ஆயினும் உடன் வந்தார். அதுதான் ஆனந்த பவனம்.

பண்டித மோதிலால் நேரு பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்தவர். தமையனார் நந்தலால் என்னும் வக்கீலால் வளர்க்கப்பட்டவர். 1883-இல் வக்கீல் பரீட்சையில் முதல்வராகத் தேறி, கான்பூரில் தொழில் பழகி, 1886-இல் அலகாபாத்துக்கு வந்தார். 2018 முதல் பிரயாக்ராஜ் என வழங்கும் நகரம் இதுவே. மறு ஆண்டே தமையனார் காலமானார். பெரிய குடும்பத்தின் பாரம் அந்த வாலிபரின் தலைமீது விழுந்தது. அவரோ வாதத் திறமையால் மாகாணத்தின் முன்னணி வக்கீல்களுள் ஒருவரானார்.

அந்த வருமானத்தில் 1900-இல் வாங்கியதே பழைய ஆனந்த பவனம். மின்சார விளக்கும் நீச்சல் குளமும் அவ்வூரார்க்கு அதிசயமாயிருந்த காலம் அது. அக்காலத்தில் இளம் வக்கீலாயிருந்த தேஜ் பகதூர் ஸாப்ரு குளத்தின் முதற்படியில் அமர்ந்தவர், இரண்டாம் படிக்கு இறங்க மறுத்துவிடுவாராம். ஜவாஹர்லால் தம் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

கட்சிக்காரர்கள் காத்துக் கிடந்த அந்த மாளிகையில் 1920-இல் பெரிய மாறுதல் நேர்ந்தது. காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று மோதிலால் தொழிலைத் துறந்தார். குதிரைகளும் வண்டிகளும் விலைபோயின. 1921 டிசம்பரில் தந்தையும் மகனும் ஒரே நாளில் சிறை சென்றனர். அபராதம் செலுத்துவதில்லை என்பது காங்கிரஸின் கொள்கை. ஆகவே, போலீசார் நாள்தோறும் வந்து நாற்காலி, மேஜைகளை ஜப்தி செய்து எடுத்துச் சென்றார்கள். நான்கு வயதுக் குழந்தை இந்திராவுக்கு அது பெருங்கோபத்தை மூட்டிற்றாம்.

பின்னர் பக்கத்திலேயே புதிய வீடு எழும்பி, ஆனந்த பவனம் என்னும் பெயர் அதற்குச் சென்றது. பழைய மாளிகையை 1930-இல் மோதிலால் தேசத்துக்கு அளித்தார். அது ஸ்வராஜ்ய பவனமாகிக் காங்கிரஸ் காரியாலயமாயிற்று. புதிய வீட்டையும் 1970-இல் இந்திரா காந்தி தேசத்துக்கு வழங்கினார். இன்று இரண்டும் காட்சிசாலைகள்.

கண்ணாடிக்கு அப்பாலுள்ள புத்தக அலமாரிகளையும் காந்தியடிகள் தங்கிய அறையையும் பார்த்துக்கொண்டே வந்த தாயார் திடீரென்று நின்றார்.

"அவர் கொடுத்தார், சரி. வீட்டுப் பெண்பிள்ளைகளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?"

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. தியாகத்தின் கணக்கை எழுதும்போது ஆண்களின் பெயரில் வரவு வைப்பதே நம் வழக்கமாகிவிட்டது. பிறகு, மோதிலாலின் மனைவியார் ஸ்வரூபராணியின் வரலாறு நினைவுக்கு வந்தது. 1931 பிப்ரவரியில் கணவர் மறைந்தார். மறு ஆண்டு ஏப்ரலில், மகன் சிறையிலிருக்க, முதுமையும் நோயும் வாட்டிய அந்த அம்மையார் இதே ஊரில் தேசிய வார ஊர்வலத்தில் சென்றார். போலீசார் ஊர்வலத்தை மறித்தனர். யாரோ கொண்டுவந்த நாற்காலியில் அவர் அமர்ந்திருந்தார். தடியடியில் கீழே தள்ளப்பட்டு, தலையில் அடிமேல் அடி விழுந்து, இரத்தம் பெருக நினைவிழந்து சாலையோரத்தில் கிடந்தார்.

"கேட்டார்களோ இல்லையோ தெரியாது, அம்மா; அவர் சொன்ன பதில் அது" என்றேன்.

தாயார் ஒன்றும் பேசவில்லை. வாயிலைக் கடந்த பின்னர் திரும்பி நின்று, "அந்த அம்மாள் கடைசியாக இருந்த வீடு எது? இன்னொரு தரம் காட்டு" என்றார்.