சுருதி சேர்க்கும் மெஷினும் நம் வீட்டுப் பெண்ணின் தொண்டையும்

ஆடி பிறந்தால் போதும், அம்பத்தூரில் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். அம்மனுக்குக் கூழ் வார்த்து முடித்தால் நவராத்திரி, அப்புறம் ஐயப்ப பூஜை, தை மாசக் கல்யாண ரிசப்ஷன்கள் என்று வருஷம் பூராவும் ஏதாவது ஒரு மேடையில் ஏதாவது ஒரு பெண் பாடிக்கொண்டேதான் இருப்பாள். ஆவடி, திருமுல்லைவாயில், பூந்தமல்லி பக்கமெல்லாம் இதே கதைதான். இப்படிப் பாடுகிறவர்கள் யாரோ அல்ல, நம் வீட்டுப் பெண்கள். காலேஜ் படித்துக்கொண்டே சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பாடி நாலு காசு சம்பாதிக்கிறவர்கள்.

இந்த மேடைகளுக்கு இப்போது ஒரு மெஷின் வந்திருக்கிறது. மைக்கில் பாடுகிற குரல் நேரே ஸ்பீக்கருக்குப் போவதில்லை. முதலில் ஒரு லாப்டாப்புக்குள் போகிறது. அதில் இருக்கிற மென்பொருள், குரல் சுருதியை விட்டு விலகினால் உடனே பிடித்து இழுத்து, சரியான ஸ்வரத்தில் வைத்துச் சபைக்கு அனுப்பிவிடுகிறது. எல்லாம் ஒரு விநாடியில் நூறில் ஓரிரு பங்கு நேரத்துக்குள்! "அப்படியானால் பாடத் தெரியாதவளும் பாடகி ஆகிவிடலாமா?" என்று நீங்கள் முகவாயில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது.

என் மாமியார் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "முகத்துக்குப் பவுடர் போட்டுக்கறதில்லையா? இது குரலுக்குப் பவுடர்" என்றார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன் எட்டு வருஷம் பாட்டுப் படித்தவள் நான். இப்போது மாலையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஆறு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

பெண்களுக்குச் சாதாரணமாக ஐந்து, ஐந்தரை கட்டை சுருதி. ஐந்தரைக் கட்டையில் ஆதார ஷட்ஜம் பாடினால் நம் குரல் நாண்கள் விநாடிக்குச் சுமார் 208 தடவை அதிர்கின்றன. களைப்பில் அது 203க்கு இறங்கினால் கேட்கிறவர்களுக்கு "சுருதி சேரலையே" என்று தோன்றும். மெஷின் அந்த 203ஐ எண்ணிப் பார்த்து, 208ஆக ஏற்றி அனுப்புகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆண்டி ஹில்டிபிராண்ட் என்ற அமெரிக்கர். பூமிக்குள் ஒலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலைகளை வைத்து எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும் வேலையில் இருந்த எஞ்சினீயர். புல்லாங்குழலும் வாசிப்பார். ஒரு விருந்தில், தெரிந்தவர் ஒருவரின் மனைவி, தன்னையும் சுருதியோடு பாடவைக்க ஒரு பெட்டி செய்து தரக்கூடாதா என்று விளையாட்டாகக் கேட்டாராம். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் 1997ல் வெளிவந்த 'ஆட்டோ-ட்யூன்'. மறு வருஷமே ஷெர் என்ற பாடகி 'பிலீவ்' என்ற பாட்டில் அதை வேண்டுமென்றே முடுக்கிவிட்டு, குரல் இயந்திரம் போலத் துள்ளும்படி பாடினார். உலகம் பூராவும் அந்த ஒலி பரவிவிட்டது.

நம் பக்கத்திலும் புல்லாங்குழல் வாசிக்கும் எஞ்சினீயர் ஒருவர் ஒரு பெட்டி செய்தார். பெங்களூரில் ராடெல் நிறுவனத்தை நடத்திய ஜி. ராஜ் நாராயண். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியும் தம்பூராவும் இன்று பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற வீடுகளில் எல்லாம் இருக்கிறதென்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டுமே பெட்டிதான். ஆனால் சுருதிப் பெட்டி "இதோ இருக்கிறது சுருதி, நீ வந்து சேர்" என்று காத்திருக்கும். சேருவது நம் காதும் தொண்டையும் செய்ய வேண்டிய வேலை. மற்றது, நாம் எங்கே நின்றாலும் தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை என் நாத்தனார் பெண் விஷயத்தில்தான் கண்ணெதிரே பார்த்தேன்.

நாத்தனாருக்கு ஆவடியில் வீடு. அவள் பெண்ணுக்குப் பத்தொன்பது வயசு. நல்ல சாரீரம். இரண்டு வருஷமாக ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறாள். காலேஜ் ஃபீஸில் பாதி அவள் பாட்டில்தான் கட்டுகிறார்கள். போன தை, மாசி முகூர்த்தங்களில் வாரத்துக்கு நாலு கச்சேரி, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பதினான்கு பாட்டு. குழுவில் புதிதாக இந்த மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அவள் காதில் மாட்டிக்கொள்கிற கருவியிலும் திருத்திய குரலையே கொடுத்தார்கள். பங்குனியில் நாத்தனார் எனக்குப் போன் பண்ணினாள்.

"அண்ணி, காலையில எழுந்தா இவ குரல் கரகரன்னு ஆம்பிளைக் குரல் மாதிரி இருக்கு. பத்து மணிக்கு மேலதான் தெளியுது. ஆனா மேடையில நல்லாத்தான் பாடறா!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை வரவழைத்தேன். சுருதிப் பெட்டியைப் போட்டு, "ஸா பாடு கண்ணு" என்றேன். பாடினாள். மத்தியமத்துக்கு மேல் குரல் காற்றாகப் போயிற்று. மேல் ஸட்ஜம் எட்டவே இல்லை. குழந்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "மேடையில சரியாத்தானே கேக்குது அத்தை... எனக்கே தெரியலையே!" என்றாள்.

எப்படித் தெரியும்? குரல் களைத்தால் சுருதி இறங்கும். அது உடம்பு கொடுக்கிற நோட்டீஸ். "போதும், கொஞ்சம் நிறுத்து" என்று தொண்டை சொல்கிற வார்த்தை. அவள் காதுக்கு வந்ததோ மெஷின் திருத்திய குரல். தெர்மாமீட்டரில் எப்போதும் 98.4 என்றே காட்டும்படி செய்துவிட்டால், காய்ச்சல் அடிப்பது யாருக்குத் தெரியும்?

மறுநாளே காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனோம். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் இரண்டிலும் சின்னதாகத் தடிப்பு. "அம்மி அரைச்சா கையில காய்ப்புக் காய்க்குமில்லையா, அது மாதிரி. ஓயாம உரசினதால வந்தது. பயப்படாதீங்க, இது கான்சர் இல்லை. பெரும்பாலும் ஆபரேஷனும் தேவைப்படாது" என்றார் டாக்டர். இரண்டு வாரம் மௌனம். ரகசியம் பேசுவது போலக் கிசுகிசுப்பதுகூடக் கூடாது, அதுவும் நாண்களுக்குச் சிரமம்தான் என்றார். பிறகு ஸ்பீச் தெரபி. நிறையத் தண்ணீர்.

அந்த இரண்டு வாரம் அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டியே பேசினாள். பாட்டே போய்விடுமோ என்று நாத்தனார் தூங்கவில்லை. வைகாசி முகூர்த்தங்களுக்கு ஒப்புக்கொண்ட கச்சேரிகளும் போயின. காலேஜ் ஃபீஸுக்கு என் வீட்டுக்காரர்தான் கைமாற்றாகக் கொடுத்தார். மூன்று மாசத்தில் குரல் படிப்படியாகத் திரும்பியது.

இப்போது மறுபடி பாடுகிறாள். குழுவில் முதலில் முணுமுணுத்தார்கள். ஆனால் அவள் கேட்டது எல்லாம் நடக்கிற காரியம்தான். அவள் காதுக்கு அவளுடைய சொந்தக் குரல், சபைக்கு வேண்டுமானால் திருத்திய குரல். ஒரு கச்சேரிக்கு எட்டுப் பாட்டுக்கு மேல் இல்லை. வருமானம் குறைந்தது, நிஜம்தான். மிச்சப் பாட்டை இன்னொரு பெண் பாடுகிறாள்.

மெஷினை நான் திட்டவில்லை. பேண்டும் ட்ரம்ஸும் அதிர்கிற மண்டபத்தில் தன் குரலே தனக்குக் கேட்காதபோது, நன்றாகப் பாடுகிறவளுக்கும் சுருதி நழுவும். அப்போது மெள்ளக் கைகொடுத்தால் உபகாரம்தான். ஆனால் அதற்குக் கமகம் தெரியாது. தோடி ராகத்தில் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்காது, மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். வேகமாகத் திருத்தும்படி வைத்தால் மெஷின் அந்த அசைவைப் பிழை என்று நினைத்துப் படிப்படியாக வெட்டிவிடும். தாலாட்டுக்குரிய நீலாம்பரிக்கும் அதே கதிதான்.

பாடுகிற பெண் வீட்டில் இருந்தால் இவற்றை மனசில் வையுங்கள்:

1. முதல் இரண்டு வருஷம் மெஷின் வேண்டாம். தினம் கால் மணி நேரம் சுருதியோடு சேர்ந்து மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடட்டும். சுருதிப் பெட்டி இல்லாவிட்டால் செல்போனிலேயே தம்பூரா வைத்துக்கொள்ளலாம்.

2. சினிமாப் பாட்டை ஒலிநாடாவில் கேட்ட அதே உச்சத்தில் பாட வேண்டும் என்பதில்லை. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அரைக் கட்டை, ஒரு கட்டை இறங்கும். பெண்ணின் தொண்டைக்கு எது சௌகரியமோ அதுதான் சுருதி.

3. மேடையில் மென்பொருள் வைத்தால், ஆளுக்கும் பாட்டுக்கும் ஏற்ற சுருதியும் ஸ்வரங்களும் சரியாகக் குறித்திருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். தப்பாகக் குறித்தால் சரியாகப் பாடினதையும் தப்பாக்கிவிடும். திருத்தம் மெதுவாக இருக்கட்டும். மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும். ட்ரம்ஸ் சத்தம் உள்ளே போனால் மெஷின் குழம்பிவிடும்.

4. பாடுகிற நாளில் அடிக்கடி கனைக்கக் கூடாது, கத்திப் பேசக் கூடாது. அடிக்கடி ஒரு மடக்கு வெந்நீர். ராத்திரி கச்சேரி முடிந்து வந்து காரசாரமாகச் சாப்பிட்டு உடனே படுத்தால், வயிற்றுப் புளிப்பு மேலேறித் தொண்டையை உறுத்தும். ஜலதோஷத்தோடு பாட அனுப்பாதீர்கள்.

5. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தோடு நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். டீச்சர் வேலை பார்க்கிறவர்களுக்கும், நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கத்தி அழைக்கிற நமக்கும் இது பொருந்தும்!

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. "எனக்குப் பாட வராது" என்று சொல்லி, தொட்டில் பக்கத்தில் செல்போனில் பாட்டை வைத்துவிட்டு நகருகிறீர்களே? பிறந்து மூன்று நாள் ஆவதற்குள்ளேயே குழந்தை தன் தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்து அறிந்து, அதையே விரும்பிக் கேட்கிறது என்று 1980ல் டி காஸ்பர், ஃபைஃபர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தக் குரல் 208ல் இருந்தாலும் 203ல் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. உங்களுக்குத் தெரிந்த ஆராரோவை உங்கள் குரலிலேயே பாடுங்கள்.