ஒரே பெயரில் இரண்டு பிளகின்

கணினியில் பாட்டுச் செய்கிற நாங்கள் தினமும் பாவிக்கும் விஎஸ்டி, ஜெர்மனியிலேயே பிறந்தது. ஹம்பேர்க்கில் இருக்கும் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1996இல் அதைக் கொண்டுவந்தது. 2008இல் விஎஸ்டி3 வந்தது.

என்னிடம் ஒரே சிந்தசைசர் இரண்டு வடிவிலும் இருந்தது. விண்டோஸில் பழையது ஒரு டிஎல்எல் கோப்பு. அது எந்த ஃபோல்டரிலும் கிடக்கலாம். இடத்தை நாங்கள்தான் மென்பொருளுக்குக் காட்டவேண்டும். புதியதற்குக் 'காமன் ஃபைல்ஸ்' உள்ளே 'விஎஸ்டி3' என்று நிலையான ஃபோல்டர் உண்டு.

பட்டியலில் இரண்டும் ஒரே பெயரில் நிற்கும்போது, பழையதை அழிக்கத்தான் கை போகும். நான் உடனே அழிக்கவில்லை. அம்மம்மா பாடிய தாலாட்டுக்கு நான் போட்ட சுருதி அந்தப் பழைய வடிவில் இருந்தது. பல மென்பொருள்களில், பழைய பாட்டைத் திறந்தால் அது பழைய கோப்பைத்தான் தேடும். கிடைக்காவிட்டால் அம்மம்மாவின் குரல் மட்டும் தனியாக ஒலிக்கும். அவ இப்போது இல்லை. திரும்பப் பாடிப் பதியவும் முடியாது.

அதனால் பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சிந்தசைசர் தடங்களை வேவ் கோப்பாக எடுத்துவைத்தேன். பிறகு டிஎல்எல்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றி, மென்பொருளை மறுபடி தேடவிட்டேன். இப்போது பட்டியலில் ஒன்றுதான் தெரிகிறது.

உங்களிடமும் அப்படி ஒரு குரல் இருந்தால், முதலில் வேவ், பிறகு துப்புரவு.