மறுத்தாரா, அவமதித்தாரா?

2022 சுதந்திர தினம். தருமபுரி மாவட்ட அரசு உயர்நிலைப்பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை, தன் கிறிஸ்தவ நம்பிக்கைப்படி கடவுளைத்தான் வணங்க முடியும் என்று சொல்லி, கொடியேற்ற மறுத்துவிட்டார். உதவித் தலைமை ஆசிரியர் ஏற்றினார். 'கொடியை அவமதித்தாரா?' என்று செய்திக்குத் தலைப்பு வைத்தது நான்.

மொபைலில் படித்துவிட்டு அம்மா போன் செய்தார். "ஏத்த மாட்டேன்னு சொன்னாங்களா, அவமதிச்சாங்களா? ரெண்டும் ஒண்ணா கண்ணு?"

எங்கள் வீட்டில் ஆகஸ்ட் 15 இரட்டைத் திருநாள். மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கொடியேற்றம், மிட்டாய். எனக்கு விண்ணும் மண்ணும் மோதியதே இல்லை. மோதுகிறவர்களின் மனசு புரியாததும் அதனால்தானோ என்னவோ.

அதன்பிறகுதான் பிஜோ இம்மானுவேல் வழக்கைப் படித்தேன். 1985-ல் கேரளாவில், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். மரியாதையோடு எழுந்து நின்றவர்கள் பாடாததை அவமதிப்பாகக் கருத முடியாது என்று 1986-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

அவர்கள் மாணவர்கள், இவர் அரசு ஊழியர். பதவிக்கென்று ஒரு கடமை இல்லையா என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கே அதில் இன்னும் தெளிவில்லை. ஆனால் மறுப்பு வேறு, அவமதிப்பு வேறு.

கேள்விக்குறி போட்டுவிட்டால் பழி சொன்னதாகாது என்று நினைத்திருந்தேன். அம்மாவின் கண்ணில் பட்டது அந்த வார்த்தை மட்டும்தான்.