சிக்கெடுக்கும் சீப்பு

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் உரையாற்றிக்கொண்டிருந்தேன். முதலாம் ஆண்டில் சேரும் மாணவர் தொகை குறைந்துவருவதே பேச்சின் பொருள். “தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு” என்று நான் குரலை உயர்த்திய வேளையில், பின்வரிசையில் லாரி ஓட்டுநர் ஒருவர் எழுந்தார்.

“ஐயா, இங்குள்ள ஆசிரியர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்?”

மண்டபம் அடங்கியது. “இடையில் பேசுவது பண்பன்று, அமருங்கள்” என்றேன். அமர்ந்தார். மேடையில் என் அருகிலிருந்த விருந்தினர், “ஹெக்லர்” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது என் மகன் தேசியப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மனம் குழம்பினால் அகராதிக்குள் ஒளிந்துகொள்வது மொழியாசிரியர்க்குள்ள பழக்கம். அச்சொல்லைத் தேடினேன். பேச்சாளரை இடைமறித்துத் தொல்லைப்படுத்துதல் என்ற பொருளை எதிர்பார்த்தேன், அது இருந்தது. ஆனால், அதற்கும் முற்பட்ட பொருளாக ஒரு சீப்பு இருந்தது!

லினன் துணிக்குரிய நார் ஆளிச்செடியின் தண்டிலிருந்து கிடைப்பது. தண்டை நீரில் ஊறவைத்து, உலர்த்தி, நொறுக்கி, சக்கையைத் தட்டி நீக்குவர். அதன் பின்னரும் நார் சிக்கும் முடிச்சுமாகவே இருக்கும். பலகையில் நெருக்கமாகப் பதித்த கூரிய இரும்புப் பற்களின் வழியே அதனைப் பிடிபிடியாக இழுப்பர். குட்டை நார் பல்லில் தங்கிவிடும். நீண்ட நார் நேராகிக் கையில் வரும். அந்தப் பற்பலகையின் பெயரே ‘ஹெக்கிள்’. செருமானியரும் அச்சீப்பின் பெயரிலிருந்து, பிறரை அலசிப் புறம்பேசுவதற்கு ஒரு வினைச்சொல்லை ஆக்கிக்கொண்டனர்.

நூல் என்னும் ஒரே சொல்லால் இழையையும் ஏட்டையும் குறிக்கும் நமக்கு இவ்வுறவு புதிதன்று. நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் மதியைக் கதிராகவும் உருவகிப்பதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். நூற்கும் கையைப் பற்றி விரிவாகப் பேசியதுண்டு. சிக்கெடுக்கும் பல்லை நான் நினைத்ததே இல்லை.

நார் வாரும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரங்களுள் ஸ்காட்லாந்தின் டண்டியும் ஒன்று. அங்குத் தொழிலாளருள் ஒருவர் அன்றைய செய்தியை உரக்கப் படிக்க, ஏனையோர் நாரை வாரியவாறே இடைமறித்து வாதிடுவர் என்பர். தேர்தலில் நிற்பவரை வாக்காளர் வினாக்களால் துளைப்பதையும் ஸ்காட்லாந்து மக்கள் அச்சொல்லாலேயே குறித்தனர். அங்கே அது வசைச்சொல்லன்று. வேட்பாளரின் வாக்குறுதியில் எது நீண்ட நார், எது குட்டை நார் என்று பார்க்கும் வேலை. பிற்காலத்தில் கூச்சலுக்கும் அதுவே பெயராயிற்று.

அதே டண்டியில் 1908ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் வின்ஸ்டன் சர்ச்சில் நின்றபோது, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மேரி மலோனி என்பவர் பெரிய மணியொன்றை ஓயாமல் அடித்து அவரைப் பேசவிடாமற் செய்தார். மணி சீப்பாகாது, அதில் வினா இல்லை. ஆயினும் அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனில் பெண்களுள் ஒரு பகுதியினருக்கேனும் நாடாளுமன்ற வாக்குரிமை கிடைத்தது 1918இல்தான். வாக்கு இல்லாதவர் வேறு எதைக்கொண்டு கேட்பார்?

எங்கள் கூட்டத்தில் எழுந்தவரோ மணி அடிக்கவில்லை. ஒரே ஒரு வினாவைக் கேட்டார். அமரச் சொன்னதும் அமர்ந்தார். கூச்சலிட்டவன் நானே.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், உரைக்கு முன்பே அவ்வினாவை நானே எடுத்துச் சொன்னேன். எங்கள் ஆசிரியர்களின் பிள்ளைகளுள் இருவர் இங்குப் படிக்கின்றனர். என் மகன் படிக்கவில்லை என்றேன். “ஏன் ஐயா?” என்று ஒரு குரல் வந்தது. கேட்டவர் அந்த ஓட்டுநரின் மனைவியார். என் வீட்டிற்குத் தேசியப்பள்ளிதான் அருகில் என்று சொல்லத் தொடங்கினேன்.

“எங்கள் வீட்டுக்கும் அதுதான் ஐயா அருகில்” என்றார் அவர்.