கொல்லைத் தாழ்வாரம்

கும்பகோணத்துக்காரர்களுக்கு வருஷக் கணக்கு மகாமகத்தில்தான் தொடங்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்த நாளை வைத்துத்தான் கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் நினைவில் நிற்கும். "அறுபத்தெட்டு மகாமகத்தப்ப உங்கம்மா புதுப்பொண்ணு" என்பாள் அப்பாயி. எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டது 1980 மகாமகத்துக்காக. மாசி மகத்தன்று குளத்தில் முழுக உறவு ஜனம் அத்தனையும் வந்து இறங்கும். அவர்களை ஒழுகுகிற கூரைக்குக் கீழே எங்கே படுக்க வைப்பது என்ற கவலை இரண்டு வருஷம் முன்பே அப்பாவைப் பிடித்துக்கொண்டது.

அரசலாற்றுப் பக்கம் ஒடுங்கலான ஒரு தெருவில் வீடு. முற்றம் வைத்துக் கட்டின பெரிய வீடல்ல. திண்ணை, நடை, கூடம், அதை ஒட்டி ஓர் அறை, அடுப்படி, கொல்லைத் தாழ்வாரம், கிணறு, அதையும் தாண்டி வாய்க்கால்வரை நீளும் கொல்லை. மேலே நாட்டு ஓடு. பனங்கைகளின்மேல் மூங்கில் வரிச்சு, அதன்மேல் கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கிய ஓடுகள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றுகிறவர் வந்து ஏறுவார். ராத்திரியில் பூனையும் மரநாயும் நடந்து நகர்த்திவிட்ட ஓடுகளைச் சரிசெய்து, உளுத்த வரிச்சை மாற்றி, உடைந்ததைக் கீழே போடுவார். அப்படியும் முதல் பெருமழைக்கு ஒழுகத்தான் செய்யும். எந்த இடத்துக்கு எந்தப் பாத்திரம் என்று எங்களுக்கு மனப்பாடம்.

கூடத்துக் கூரையில் ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி பதித்திருந்தது. காலை வெயில் ஏறியதும் அதன் வழியே வெளிச்சம் சதுரமாகத் தரையில் இறங்கும். அம்மாவின் தையல் மிஷின் அங்கேதான் நிற்கும். வெளிச்சம் நகர்கிற பக்கம் அவளும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஊசி கோக்கும்போது நூல் நுனியை உதட்டில் ஈரம் பண்ணி, முறுக்கி, அந்தச் சதுரத்துக்குள் நீட்டிப் பிடிப்பாள். நூலின் பிசிர்கூட எனக்குத் தெரியும்.

அது உஷா மிஷின். கல்யாணச் சீராக வந்தது. அம்மா டெய்லரிங் லோயர் பரீட்சை எழுதித் தேறியவள். ஹையர் எழுதுவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் அவள்தான் தைத்தாள். திருபுவனம் பட்டுக்கு மேட்ச் பார்த்து எடுத்த துணி என்றால் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள். மிதியின் தோல் வார் தளர்ந்தால் ஒரு துண்டு நறுக்கிவிட்டு, பழைய கம்பிக் கொக்கியாலேயே மறுபடி மாட்டுவாள். எனக்குப் பட்டுப்பாவாடை தைக்கும்போது அடியில் மூன்று டக் பிடித்து வைப்பாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டக்கைப் பிரித்துவிடுவாள். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி ஒரு கோடாகப் பளிச்சென்று இருக்கும். அந்தக் கோடுகளை எண்ணி என் வயதைச் சொல்லிவிடலாம். வெட்டுத்துணி எதையும் எறிய மாட்டாள். பெரிய துண்டெல்லாம் தலையணை உறைக்கு ஒட்டுப்போடப் போகும். சின்னதெல்லாம் மிஷின் காலில் தொங்கும் மஞ்சள் பைக்குள் போகும்.

1979 பங்குனியில் ஓடு பிரிக்க ஆள் வந்தது. கைமரச் சந்தில் அடைக்கலாங்குருவி கூடு வைத்திருந்தது. அப்பாயி வாசலில் நின்றுகொண்டாள்.

"கொத்தனாரே, அந்த மூலையைக் கடைசியில பிரிங்க. குஞ்சு இருக்கு."

"பெரியம்மா, ஒரு பக்கமா பிரிச்சாத்தான் வேலை ஓடும்."

"ஓடட்டும். அது பறந்து போனப்பறம் ஓடட்டும்."

கொத்தனார் மறுபடி பேசவில்லை. அந்த மூலையில் மட்டும் நாலு வரிசை ஓடு நின்றது. மற்ற பக்கம் வானம் தெரிந்தது. தாய்க்குருவி திறந்த பக்கம் வழியாகவே புழுவோடு உள்ளே வந்து போயிற்று. பறந்தபிறகுதான் அந்தப் பனங்கையை இறக்கினார்கள். இறக்கியபோது அதில் குளவி கட்டின மண்கூடுகள் வரிசையாக இருந்தன. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பாள் அப்பாயி. அதனால் யாரும் அதைத் தட்டியதே இல்லை. சித்தாள் ஒருத்தி உதிர்ந்த கூடொன்றை என் கையில் கொடுத்தாள். நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே அறை அறையாகச் சிலந்திகள் அடுக்கியிருந்தன, காலை மடக்கிக்கொண்டு, நிறம்கூட மாறாமல். குளவி அவற்றைக் கொட்டி மரத்துப்போக வைத்துத்தான் அடைக்கிறது. முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அது கெடாத சோறு. எங்கள் தலைக்குமேல் இத்தனை காலம் இப்படி ஒரு பண்டகசாலை இருந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் சிமெண்ட் நினைத்தபோது கிடைக்காது. மனுப் போட்டு, பெர்மிட் வாங்கி, வந்தபோது எடுக்க வேண்டும். 1982-ல் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தும்வரை ஊர் முழுக்க இதே கதைதான். எங்களுக்குக் கிடைத்த மூட்டைகள் கூடத்துக்கும் அறைக்கும் மட்டுமே போதும் என்றாகிவிட்டது. அடுப்படியும் கொல்லைத் தாழ்வாரமும் ஓட்டோடு நின்றன. வேலை பாதியில் நின்றதே என்று அப்பாவுக்கு வருத்தம். அந்தத் தாழ்வாரத்துக்கு ஓடு தங்கியதை நான் பெரிய கொடுப்பினையாக நினைக்கிறேன்.

பெர்மிட் சிமெண்ட் வந்தது ஆடியில். அதுவரை மேலே தென்னங்கீற்று. சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்துப் பலகை அடித்தபின் கூடத்துக்குள் நிற்கக்கூட இடமில்லை. அம்மாவும் மிஷினும் கொல்லைத் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். அப்போதெல்லாம் சிமெண்ட் வருவது சணல் சாக்கில். காலிச் சாக்குகளை அப்பா கொத்தனாரிடம் விடவில்லை. அம்மா அவற்றை வாய்க்காலில் அலசி, கல்லில் அடித்து, மறுபடி அலசினாள். காய்ந்தபிறகும் உதறினால் சாம்பல் நிறத்தில் தூசு பறக்கும். பிறகு கோணி ஊசியும் சணல் நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு சாக்கைப் பிரித்து இணைத்து ஒரு படுதா. தாழ்வாரத்து விளிம்பில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள், மழைச் சாரல் மிஷினில் அடிக்காமலிருக்க. மிச்சத்தில் மிதியடி. ஜாக்கெட்டுக்குக் காஜா எடுக்கிற அதே விரல்கள் கோணி ஊசியைத் தள்ளித் தள்ளிச் சிவந்துபோயின.

கான்கிரீட் போட்ட நாள் ஒரே நாளில் முடிந்தது. ஜல்லியும் மணலும் கையாலேயே கலந்து, சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றி மாற்றி மேலே ஏற்றினார்கள். சாயங்காலம் எல்லோருக்கும் சாப்பாடு. எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது அடுத்த வாரங்கள். தளம் இறுகுவதற்கு மேலே மண்ணால் வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தினார்கள். கிணற்றிலிருந்து இறைத்துக் கொண்டுபோய் ஊற்றுவது என் வேலை, தம்பியின் வேலை. இரண்டாம் நாளே தட்டான்கள் வந்துவிட்டன. வாலை வளைத்து, தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும்பின. கொல்லைக்கு வாய்க்கால் இருக்கிறது, ஊருக்கு இரண்டு ஆறு இருக்கிறது, இருந்தும் எங்கள் கூரைமேல் இரண்டங்குலத் தண்ணீரில் முட்டையிடும் நம்பிக்கை அவற்றுக்கு எப்படி வந்ததோ. தண்ணீரை வடித்துவிடும் நாளில் தம்பி ஏணியை விட்டு இறங்கவே இல்லை. கடைசிப் பாத்தியை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வைக்கச் சொல்லி அழுதான். அப்பா வைத்தார்.

கூடம் புதிதாயிற்று. சிவப்பு ஆக்சைடு தரை, தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து முகம் தெரிகிற பளபளப்பு. ஒழுகல் இல்லை. ஆனால் கண்ணாடியும் போயிற்று, சந்துகளும் போயின. பகலிலேயே பல்பு போட வேண்டும். வோல்டேஜ் இறங்கினால் அதுவும் மங்கிவிடும். அடைக்கலாங்குருவி ஓரிரு முறை வந்து உத்தரம் இருந்த இடத்தில் வட்டமடித்துவிட்டுப் போயிற்று. "மிஷினை உள்ள தூக்கிப் போடவா?" என்று அப்பா கேட்டபோது அம்மா, "இங்கயே இருக்கட்டுங்க, வெளிச்சமா இருக்கு" என்றுவிட்டாள். மகாமகத்துக்கு வந்த கூட்டம் புதுக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தது. அம்மா கொல்லைத் தாழ்வாரத்தில் இருந்துகொண்டு, குளித்துவிட்டு வந்தவர்களின் கிழிந்த பாவாடைக்கும் அறுந்த கொக்கிக்கும் தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் எங்கள் குடும்பம் வாழ்ந்தது கொல்லைப்பக்கம்தான் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே அங்கே. கிணற்றடியில் சொறித்தவளை, துவைக்கிற கல்லுக்கடியில் ஈரத்தில் அதன் இடம். இறவாரத்து உதிர்மண்ணில் குழியானை கிண்ணம் கிண்ணமாகக் குழி பறித்து, அடியில் ஒளிந்திருக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்தால் உள்ளிருந்து மண்ணை வாரி வீசிச் சரித்துவிடும். கட்டட வேலைக்குக் கொட்டி மிஞ்சிய மணலிலும் குழிகள் வந்தன. முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும் பருவத்தில் அப்பா தீப்பந்தம் கட்டுவார். அப்பாயியும் அதற்குத் தடை சொன்னதில்லை, பிள்ளைகள் மேலெல்லாம் தடித்துப்போகுமே. ஆனால் எலுமிச்சையில் கை வைக்க விடமாட்டாள். அதன் இளந்தழையில் பறவை எச்சம்போலவே ஒட்டிக்கொண்டிருக்கும் புழு, வளர வளரப் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும், ஒரு வாடை அடிக்கும். வண்ணத்துப்பூச்சி ஆகப்போகிற புழு. "தின்னா தின்னுட்டுப் போவுது, தழை மறுபடி வரும்" என்பாள்.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத்தான் வரும். சருகைப் புரட்டிப் புரட்டி, ஓயாமல் பேசிக்கொண்டே நடக்கும். அந்தப் பேச்சில் அம்மாவுக்கு ஒரு காது இருந்தது. சும்மா சலசலப்பு என்றால் மிதி ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று குரல் மாறி எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் மிதி நின்றுவிடும். "புள்ளைங்களா, மேல ஏறுங்க" என்பாள். கொஞ்ச நேரத்தில் வேலியோரம் சாரை ஒன்று நீளமாகப் போகும். சில நாள் வெறும் பூனை. ஒருநாளும் அந்தக் குருவிகள் சொல்லி எதுவும் இல்லாமல் போனதில்லை.

மகாமகம் முடிந்த ஆடியில் தையல்சிட்டு வந்தது. தாழ்வாரத்துக்கு எதிரே ஆளுயரத்தில் ஒட்டு மாங்கன்று. அதில் மூன்று இலையைச் சேர்த்துப் பிடித்தது. கட்டைவிரல் அளவு உடம்பு, நிமிர்ந்த வால், தலையில் செம்பழுப்பு, அந்த உடம்புக்குள் எங்கிருந்து வந்தது என்று கேட்கவைக்கும் குரல். தைத்தது பெட்டைதான். இலை விளிம்பில் அலகால் ஒரு துளை, பக்கத்து இலையில் ஒரு துளை, நாரை உள்ளே விட்டு மறுபக்கம் போய் இழுத்தது. வெளியே வந்த நுனி பிசிர் பிசிராக விரிந்து அங்கேயே சிக்கி நின்றது. துளை அவ்வளவு சின்னது, இலை வாடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் படுதாவில் வந்து உட்கார்ந்து, சாக்கின் ஒரு சணல் இழையை உருவ ஆரம்பித்தது. வரவில்லை. காலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தது. வந்தது. அடுத்த தடவை மிஷின் பக்கம் தரையில் கிடந்த வெள்ளை நூல்.

அம்மா கையைத் தொடையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "முடிச்சே போடல பாருங்க அத்தை" என்றாள் அப்பாயியிடம். "நான்னா பின்னாடி ரெண்டு தையல் அடிக்காம விட மாட்டேன்." அப்பாயிக்குக் கண் அவ்வளவு தெரியாது. "இழை பத்துமாடி அதுக்கு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மஞ்சள் பைக்குள் போகிற நூல் துணுக்கில் பாதி படுதாவின் ஓரத்தில் செருகப்பட்டது. அணிலும் எடுத்தது, வாய் நிறைய அடைத்துக்கொண்டு தென்னையில் ஏறும். சிட்டின் பையில் வெள்ளை நூலும் சணலும் இலவம்பஞ்சும் இருந்தன. ஏறத்தாழ பன்னிரண்டு நாள் அடைகாத்து, குஞ்சு பொரித்து, அவை வெளியேறும்வரை அம்மா மிஷினைச் சத்தம் குறைத்து மிதித்தாள்.

பிறகு எத்தனையோ மராமத்து. 1992 மகாமகத்துக்கு முன்னால் அடுப்படிக்கும் தளம் வந்தது. 2004-க்கு முன்னால் மாடி எடுத்தார்கள். இப்போதெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் மதில்வரைக்கும் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். சேறு வராது, பூச்சி வராது, பெருக்கச் சுலபம். எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் இறங்க இன்று மண்ணே இல்லை, கோடையில் கிணறு வறண்டுவிட்டது என்கிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை. ஒரு வீட்டுக்கு நாலடி மண்ணும் ஒரு சந்தும் விட்டால் அதில் எத்தனை பேர் குடித்தனம் பண்ணுவார்கள் என்று பார்த்து வளர்ந்தவள் நான்.

அப்பாயியும் அப்பாவும் போன பிறகு வீடு தம்பிக்கு வந்தது. மிஷின் என்னிடம். தஞ்சாவூரில் பால்கனி வெளிச்சத்தில் வைத்திருக்கிறேன், புது வார் போட்டிருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. கொல்லைத் தாழ்வாரத்தைத் தம்பி இடிக்கவில்லை. 1979-ல் இறக்கிய நாட்டு ஓடுகள் கிணற்றுக்குப் பின்னால் இன்னும் அடுக்கியபடி இருக்கின்றன. பழைய ஓட்டுக்கு இப்போது நல்ல விலை. தங்கும் விடுதிகளுக்கு வேண்டும் என்று ஆள் வந்து கேட்கிறது. போன தடவை நான் போயிருந்தபோதும் ஒருவர் வந்து அடுக்கை அளந்து பார்த்தார். தம்பி ஒரு ஓட்டை நிமிர்த்திக் காட்டினான். அடியில் அரணை ஒன்று வழுவழுவென்று நெளிந்து அடுத்த ஓட்டுக்குள் புகுந்தது. "குடி இருக்கு சார், தர முடியாது" என்று சொல்லி, ஓட்டை இருந்தபடியே கவிழ்த்தான்.