மிச்சம் வைக்கவேண்டிய மின்சாரம்

தை அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் பாகூர் வயல்வெளியில், ஞாயிறு காலைகளில் ஒரு சிறிய ஹெலிகாப்டர் பறக்கும். என் அக்காவின் மகனுடையது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறை நாட்களில் பந்தல்காரர் ஒருவரிடம் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், யாரோ பயன்படுத்திவிட்டு விற்றதை வாங்கினான். நான் வில்லியனூரில் இருக்கிறேன். கல்லூரியில் தமிழ் நடத்துபவன். லாஸ்பேட்டை விமானநிலையத்துக்கு எங்கள் ஊர் அருகு என்பதால் இந்தப் பக்கம் அதைப் பறக்கவிடும் எண்ணமே அவனுக்கு இல்லை. ஆகவே நான்தான் அங்கே போவேன். போனால் எனக்கு ஒரு வேலை உண்டு. தரையிறங்கிய ஹெலிகாப்டரிலிருந்து பேட்டரியின் இணைப்பைக் கழற்றிப் பெட்டியில் வைக்கவேண்டும். தமிழ் முதுகலை படித்தவனை நம்பிக் கொடுக்கத்தக்க வேலை என்று அவன் கருதியது அது ஒன்றைத்தான். அதையும் நான் செய்யாமல் விட்டேன்.

அந்தப் பேட்டரி உள்ளங்கையளவு இருக்கும். லித்தியம் பாலிமர் வகை. பறக்கவிடுகிறவர்கள் லிப்போ என்பார்கள். நம் கைப்பேசியில் இருப்பதற்கு நெருங்கிய உறவு. லித்தியம் அயனி பேட்டரியை சோனி நிறுவனம் 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழிவகுத்த குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கைப்பேசியின் பேட்டரியோடு ஒரு காவற்சுற்றும் சேர்ந்தே வருகிறது. திரை அணைந்து போன பின்னும் உள்ளே கொஞ்சம் மின்சாரத்தை அது மிச்சம் பிடித்து வைத்திருக்கும். ஹெலிகாப்டரின் லிப்போவில் பெரும்பாலும் அந்தக் காவல் கிடையாது. கேட்டால் கேட்ட அளவுக்குக் கடைசித் துளிவரை கொடுத்துவிடும். கொடுத்த பிறகு செத்துப்போகும்.

இதைப் பாகூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. மதகின் வாய்மட்டத்துக்குக் கீழே ஏரியில் தங்கும் நீரைப் பாசனக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. லிப்போவிலும் அப்படி ஒரு மட்டம் உண்டு. ஒரு செல் நிறைந்திருக்கையில் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. 3 என்பது கிணற்றின் கைப்பிடிச்சுவர் மாதிரி, அதன்மேல் ஏறி உட்காருவதற்காகக் கட்டியதல்ல. கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கோடு நிறுத்திக்கொள்வதே பழகியவர்களின் வழக்கம். அப்படி நிறுத்தினால், இறங்கிச் சற்று ஓய்ந்த செல் 3.7 வோல்ட்டை ஒட்டிக் காட்டும்.

மட்டம் மீறி இறங்கினால் என்ன ஆகும் என்பதைப் படித்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. செல்லின் எதிர்முனையில் ஒரு மெல்லிய செப்புத்தகடு இருக்கிறது. மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டால் அந்தச் செம்பு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு இருந்த இடத்துக்கு ஒழுங்காகத் திரும்புவதில்லை. கண்ட இடத்தில் படிந்து, முள்முள்ளாய் வளர்ந்து, இரு முனைகளுக்கும் நடுவே குறுக்குவழி போட்டுவிடலாம். பிறகு சூடு, புகை, நெருப்பு. இதே பாகூரில் இயங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக்கிய செய்தியைப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் பொறித்துவைத்ததும் செம்பில்தான். ஒன்பதாம் நூற்றாண்டின் எழுத்தை இன்றுவரை காத்துத்தந்த உலோகம், ஓரிரவில் கரையவும் கூடும் என்பதை என் மனம் எளிதில் ஏற்கவில்லை.

விமான மாதிரிகளுக்கு இந்தத் தொல்லையிலிருந்து ஒரு தப்பு வழி உண்டு. மின்னழுத்தம் தாழ்ந்ததும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை நிறுத்திவிடும். இறக்கை இருப்பதால் விமானம் மிதந்து இறங்கும். ஹெலிகாப்டருக்கு மோட்டார் நின்றால் மிதப்பதற்கு ஏதுமில்லை. விழும்போது மேலேறும் காற்றிலேயே விசிறியைச் சுழலவிட்டு, தரைக்கருகில் அந்தச் சுழற்சியைச் செலவழித்து இறக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. பயிற்சியில்லாத கைக்கு அது வராது. அதனால் பலர் மோட்டாரைச் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகத் தளர்த்தும்படி அந்தக் கருவியை அமைக்கிறார்கள். அதையும் நம்பாமல் கடிகாரத்தை நம்புகிறார்கள்.

அக்கா மகனின் கணக்கு இது. பேட்டரியின் கொள்ளளவு 2200 மில்லி ஆம்பியர் மணி. அதில் ஐந்தில் நான்கு பங்கு 1760. முதலில் நான்கு நிமிடம் மட்டும் பறக்கவிட்டு இறக்கினான். மறுபடி நிறைக்கையில் சார்ஜர் 1400 ஏற்றியதாகக் காட்டியது. நிமிடத்துக்கு 350. அப்படியானால் ஐந்து நிமிடம் பறக்கலாம். கடற்காற்று வீசும் நாளில் மோட்டார் அதிகம் இழுக்கும் என்று ரிமோட்டில் நாலரை நிமிடத்துக்கு டைமர் வைத்தான். யாப்பிலக்கணத்தில் கூட இவ்வளவு கறாரான மாணவனை நான் கண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை டைமர் சரியாகவே ஒலித்தது. ஹெலிகாப்டரும் சரியாகவே இறங்கியது. நான் குனிந்து இணைப்பில் கைவைக்கும் நேரத்தில், தோசை ஆறுகிறது என்று வரப்பிலிருந்து அக்கா கூப்பிட்டாள். கழற்றிவிட்டதாகவே நினைத்துப் பெட்டியில் வைத்து மூடினேன். ஓடாத ஹெலிகாப்டரிலும் மின்னணுப் பாகங்கள் விழித்துக்கொண்டுதான் இருக்கும். மீந்திருப்பது நானூற்றுச் சொச்சம். மணிக்கு நூறு வீதம் குடித்தாலும் விடிவதற்குள் தீர்ந்துவிடும்.

அடுத்த வாரம் போனபோது அவன் முகம் வாடியிருந்தது. "பேட்டரி போச்சு மாமா. நாந்தான் கழட்டாம வச்சிட்டேன் போல" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பில் வாய்மை அதிகாரத்தை எத்தனையோ முறை நடத்தியவன், வாயைத் திறக்கவில்லை. "குடு, நான் சரிபண்ணிப் பாக்குறேன்" என்று பேட்டரியையும் சார்ஜரையும் வாங்கிக்கொண்டு வில்லியனூருக்கு வந்தேன்.

மூன்று செல்களில் இரண்டு 2 வோல்ட்டை ஒட்டி இருந்தன, மூன்றாவது 0.8. சார்ஜர் ஏற்க மறுத்தது. மறுத்ததோடு நான் நிறுத்தியிருக்கவேண்டும். நிக்கல் பேட்டரிக்கான முறையில் வைத்துச் சற்று நேரம் ஏற்றினால் சார்ஜர் ஏமாந்துவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஏமாந்தது. எண்கள் ஏறத்தொடங்கின. செய்த பிழை அழிந்துகொண்டே வருவதாக எனக்கு ஒரு மகிழ்ச்சி. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். பேட்டரி பூரிபோல் உப்பியிருந்தது. சூடு. இனிப்பும் கசப்புமாக ஒரு வாடை. அடுத்த அறையில் அம்மா உறங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய மரக்கட்டிலுக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு கீற்றுத்தட்டிதான். மின்னிணைப்பைப் பிடுங்கி, முறத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடி, சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு எட்ட நின்றேன். தீப்பிடிக்கவில்லை. விடியும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது சில வாரங்கள் மண்பானையில் மணலுக்குள் கிடந்து, மின்னணுக்கழிவு சேகரிப்பவர் கைக்குப் போனது.

அவனிடம் சொன்னேன், எல்லாவற்றையும். கழற்ற மறந்ததற்கு அவன் கோபப்படவில்லை.

"எத்தன வோல்ட் காட்டிச்சு?"

சொன்னேன்.

"பாயிண்ட் எட்டுல இருந்ததயா சார்ஜ் போட்டீங்க? பாட்டி உள்ள இருக்கும்போதா?"

அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வயல்களுக்கு மருந்தடிக்கும் ட்ரோன்கள் பரவிவருகின்றன. 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு அவற்றை வழங்கும் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அவற்றின் பேட்டரிகள் மிகப் பெரியவை. விளையாட்டுச் சாமானுக்குச் சொன்ன அதே கணக்கு அங்கே பிழைப்புக்கணக்கு. ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் எப்போது நிறுத்துவது என்பதை முதல் பாடமாக வைத்தால் நல்லது.

புதிய பேட்டரியை நான் வாங்கிக்கொடுத்தேன். பல நாள் பறக்கவிடாவிட்டால் முழுதும் நிறைக்காமலும் ஒட்ட வடிக்காமலும் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்கிறான். இணைப்பைக் கழற்றும் வேலை இப்போது எனக்கில்லை. அளவுமானியைப் பார்த்துப் படிக்கும் வேலை. முதல்நாள் மொத்த எண்ணை மட்டும் பார்த்து, "பத்தரை வோல்ட்" என்றேன். அவன் ஒப்பவில்லை. இரண்டு செல் 3.7இலும் ஒன்று 3.1இலும் இருந்தாலும் மொத்தம் பத்தரைதான் வரும். சாகப்போகும் செல் கூட்டுத்தொகையில் ஒளிந்துகொள்ளும் என்றான்.

"ஒவ்வொண்ணா படிங்க மாமா."

வருகைப்பதிவு எடுப்பதுபோல் படித்தேன். ஒன்று, 3.51. இரண்டு, 3.50. மூன்று, 3.49.

"கொஞ்சம் அதிகமாத்தான் ஓட்டிட்டேன்" என்று சொல்லி, டைமரில் பதினைந்து நொடியைக் குறைத்தான்.